நல்ல சம்மனசு, கெட்ட சம்மனசு

நாடகம் கோயிலுக்குள்தான் பிறந்தது என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிய இன்னாசிமுத்துவுக்கு, எழுத வந்தது என்னவென்று மறந்துபோனது. சாக்பீஸ் பலகையைத் தொட்டபடி நின்றது. இந்நேரம் அமலி பெட்டியைப் பூட்டியிருப்பாள். இல்லை, பூட்டியதைத் திறந்து எதையாவது எடுத்து வெளியே வைத்துக்கொண்டிருப்பாள், மடத்துக்கு இது எதற்கு, அது எதற்கு என்று. பூப்போட்ட சுடிதார் எதற்கு, கொலுசு எதற்கு. பிரகாசி பக்கத்தில் உட்கார்ந்து, மகள் வெளியே வைத்ததை எல்லாம் மறுபடி உள்ளே திணித்துக்கொண்டிருப்பாள். சாயங்காலம் வண்டி. ஒரே மகள் திருச்சியில் போய் இறங்கிக் கன்னியர் மடத்தில் சேரப் போகிற நாளில் எந்தத் தகப்பனாவது இரண்டாம் வருட பி.ஏ. பிள்ளைகளுக்கு ஐரோப்பிய நாடக வரலாறு நடத்துவானா? இவர் நடத்துவார். காலையில் பிரகாசி, "ஏங்க, இன்னைக்குமா காலேஜு?" என்று கேட்டபோது, "போர்ஷன் முடியல" என்றார். அவருக்குப் போர்ஷன் எந்த வருஷம் முடிந்திருக்கிறது, இந்த வருஷம் முடிய? உண்மை என்னவென்றால் அந்த வீட்டில் இன்றைக்கு அவரால் உட்கார முடியாது. பெட்டியைப் பார்த்துக்கொண்டு, பெட்டியைப் பார்க்காத மாதிரி பேப்பரைப் பார்த்துக்கொண்டு, அவரால் முடியாது. முதுகுக்குப் பின்னால் யாரோ பேனா மூடியைத் திறந்து மூடி, திறந்து மூடி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர் 'கோயில்' என்று எழுதினார். இந்தப் பிள்ளைகளில் பாதிப்பேருக்குக் கோயில் என்றால் வேறு கோயில் என்று நினைவு வந்து, அதை அழித்துவிட்டு 'சர்ச்' என்று எழுதினார்.

"முதல்ல சாமியார்களேதான் நடிச்சாங்க. பீடத்துக்குப் பக்கத்துல, பூசைக்கு நடுவுல, ஒருத்தர் பாட்டா ஒரு கேள்வி கேப்பாரு, இன்னொருத்தர் பாட்டாப் பதில் சொல்லுவாரு. அவ்வளவுதான் நாடகம்." சொல்லும்போதே சத்தம் நன்றாக வந்தது. அது ஒரு வசதி. இருபது வருஷமாகச் சொல்கிற பாடம், வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போகும், மனசு பாட்டுக்கு ஊர் சுற்றலாம். ஜனங்களுக்கு அது பிடித்துப்போனது, பிடித்ததும் சிரித்தார்கள், சிரித்ததும் பெரியவர்களுக்குப் பிடிக்காமல் போனது, வாசலுக்குப் போங்கள் என்றார்கள். வாசலில் இருந்து படிக்கட்டு, படிக்கட்டில் இருந்து சந்தை, சந்தையில் இருந்து தெருத்தெருவாக வண்டி கட்டிக்கொண்டு போனது நாடகம். உள்ளே பிறந்து வெளியே வந்து வளர்ந்த பிள்ளை. இவர் வீட்டிலோ எல்லாம் தலைகீழ். வெளியே வளர்ந்த பிள்ளை உள்ளே போகிறது. எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்தவள், ஸ்கூட்டியில் பறக்கிறவள், கோபம் வந்தால் சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போகிறவள். ஒரு நாள் சாயங்காலம் காபி டம்ளரோடு வந்து எதிரே நின்றாள். "அப்பா, நான் மடத்துல சேரலாம்னு இருக்கேன்." அவர் நிமிர்ந்து பார்த்தார். வேண்டாம் அமலி என்று அப்படியே வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சொன்னாரா? "யோசிச்சுச் செய்ம்மா. உன் இஷ்டம்" என்றார். நாகரிகமான பதில். படித்த தகப்பன் சொல்கிற பதில். அவள் உடனே போகவில்லை. டம்ளரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அந்தக் கொஞ்ச நேரம்தான் இத்தனை நாளாக அவரைப் போட்டு அரிக்கிறது. எதற்கு நின்றாள்? காபியில் ஆடை படிகிற வரைக்கும் எதற்கு நின்றாள்? அப்புறம், "சரிப்பா" என்று போய்விட்டாள். அவரும் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

உன் இஷ்டம். அந்த ரெண்டு வார்த்தை தொண்டையில் சிக்கிய மீன் முள்ளாகிவிட்டது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. "சந்தைக்கு வந்ததும் சாமியார்கள் கையை விட்டுப் போச்சு. ஊர்ல தொழில் பண்ணுறவங்க சங்கம் சங்கமா நாடகத்த எடுத்துக்கிட்டாங்க. வெள்ளம் வந்து கப்பல் மிதக்குற கதைய கப்பல் தச்சங்க போட்டாங்க. கடைசி விருந்தை ரொட்டி சுடுறவங்க. சிலுவையில அறையிற கதைய யாரு போட்டுருப்பாங்க, சொல்லுங்க பாப்போம்?" மதியச் சாப்பாடு முடிந்த வகுப்பு, கண்ணெல்லாம் சொருகிக் கிடந்தது. "ஆணி அடிக்கிறவங்க" என்றார். அதற்கு ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. மூன்றாவது பெஞ்சில் இருந்து இசக்கிப்பாண்டி, எப்போதும் எதையாவது கேட்டு வைக்கிறவன், "வாத்தியாருக்கு என்ன கதை சார் குடுத்துருப்பாங்க?" என்றான். "நல்ல கேள்விடே" என்று சிரித்தார் இன்னாசிமுத்து. பதில் சட்டென்று வந்து நின்றது, ஆனால் சொல்லக்கூடிய பதில் இல்லை. சிலுவைக்கு ஒப்புக்கொடுக்கிற நேரம் தண்ணீர் கொண்டு வரச் சொல்லி, ஊரார் முன்னால் கையைக் கழுவிக்கொண்டு, எனக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று ஒதுங்கிக்கொண்ட அந்த ஆளுநர் வேஷம்தான் குடுத்திருப்பார்கள். ஒத்திகையே வேண்டாம். உன் இஷ்டம் என்று சொன்ன அன்றைக்கே கையைக் கழுவித் துடைத்தாயிற்று. அமலி மடத்தில் சேரப் போவதைப் பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அறிவித்தபோது கோயில் முழுக்கக் கைதட்டியது. வெளியே வந்ததும் ஆளாளுக்குக் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், உங்க குடும்பத்துக்கு என்ன ஆசீர்வாதம் சார், என்ன பாக்கியம் சார். அவரும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். பிரகாசியாவது வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டு வந்து இட்லி அவித்தாள். அவளுக்கு அது முடிந்தது. இவருக்குத்தான் ஒன்றும் முடியவில்லை, போர்ஷன் உட்பட.

மின்விசிறி கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி அவர் அடுத்த பகுதிக்குப் போனார். நரகத்தின் வாய் என்று ஒன்றை மேடையில் ஒரு பக்கம் செய்து வைப்பார்கள், பெரிய தாடை, உள்ளே புகை, அதற்குள்ளிருந்து பேய்கள் குதித்து வரும், ஜனங்களுக்கு அதுதான் கொண்டாட்டம். பிறகு வேதக் கதைகள் போய், ஒரு சாதாரண மனுஷனை நடுவில் நிறுத்தி வைத்துப் போடுகிற நாடகங்கள் வந்தன. "நடுவுல அந்த மனுஷன். இந்தப் பக்கம் ஒரு நல்ல சம்மனசு நிக்கும். அந்தப் பக்கம் கெட்ட சம்மனசு. நல்ல சம்மனசு இப்படிச் செய்ம்பாரு. கெட்ட சம்மனசு அப்படிச் செய்ம்பாரு. ரெண்டு பேரும் இவனைப் போட்டு இழுப்பாங்க." சம்மனசு என்பது அவர் வீட்டுச் சொல். தேவதூதர்களை அவர் பிறந்த தெருவில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், காவல் சம்மனசே என்றுதான் அவர் தினமும் தூங்கப் போகும்முன் ஜெபித்தது. வகுப்பில் ஏஞ்சல் என்றுதான் சொல்வது வழக்கம். இன்றைக்கு வாய் வழுக்கி வீட்டுக்குப் போய்விட்டது. அது அவருக்கே தெரியவில்லை. ஏனென்றால் அந்தச் சொல்லோடு அமலியும் வந்துவிட்டாள், எட்டு வயது அமலி, கிறிஸ்துமஸ் நாடகத்தில் வெள்ளை கவுனும் ஜிகினா ஒட்டிய இறக்கையும் போட்ட சம்மனசு. மேடை ஏறுகிற நேரம் பார்த்து ஒரு இறக்கை பிய்ந்து தொங்கிவிட்டது. அழத் தயாராக உதட்டைப் பிதுக்கினாள். இவர் பின்னால் இருந்த திரைக்குள் முட்டிபோட்டு உட்கார்ந்து, திரைச் சந்து வழியாகக் கையை நீட்டி, அந்தக் காட்சி முடிகிற வரைக்கும் இறக்கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். கை மரத்துப்போனது. அவள் ஒரு அடி முன்னால் போனால் இவர் ஒரு சாண் நீட்ட வேண்டும். அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை, அப்பா விடமாட்டார் என்று அத்தனை நிச்சயம். அன்றைக்குப் பேச்சே தேவைப்படவில்லை. முட்டியை ஊன்றிக் கையை நீட்டினால் போதுமாக இருந்தது.

இப்போது அந்த நடு மனுஷன் தான்தான் என்று இன்னாசிமுத்துவுக்குத் தோன்றியது. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஒன்று சொல்கிறது, அவளைப் போக விடு, அவள் வாழ்க்கை, அவள் கேட்ட அழைப்பு, குறுக்கே நிற்க நீ யார். இன்னொன்று சொல்கிறது, போகாதே என்று சொல், வாயைத் திறந்து சொல், நீ பெத்த பிள்ளை. இதில் எது நல்லது, எது கெட்டது? அந்தக் காலத்து ஜனங்கள் கொடுத்து வைத்தவர்கள். இறக்கை இருந்தால் நல்லது, வால் இருந்தால் கெட்டது, கடைசி வரிசையில் நிற்கிறவனுக்குக்கூடத் தெரியும். இவருடைய ரெண்டுக்கும் இறக்கையும் இல்லை, வாலும் இல்லை. போக விடு என்கிறதே, அது நல்ல சம்மனசுதானா? ஊர் என்ன சொல்லும், பங்குச் சாமியார் முகத்தில் எப்படி முழிப்பது என்கிற பயம்தான் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு வந்து நிற்கிறதோ? போகாதே என்கிறதே, அது பாசமா, இல்லை வயசான காலத்தில் காபி போட்டுத் தர ஆள் வேண்டும் என்கிற சுயநலமா? ராத்திரி ஒன்று நல்லதாகத் தெரிந்தால் விடிந்ததும் மற்றது நல்லதாகத் தெரிகிறது. இப்படியே மாற்றி மாற்றி நாள் போய், பெட்டியும் கட்டியாயிற்று. மேசையில் இருந்த கைபேசியைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. யார் கூப்பிடப் போகிறார்கள்? கூப்பிட வேண்டியவர் இவர்தான்.

"அடுத்தது மறுமலர்ச்சிக் காலம்" என்றார், அவசரமாக, தன் பிடியில் இருந்து தானே தப்பிக்கிற மாதிரி. "இத்தாலியில பிரபுக்களோட அரண்மனைக்குள்ள நாடகம் போக ஆரம்பிச்சுது. மேடைக்குப் பின்னால ஒரு தெருவ வரைவாங்க. தூரமாப் போகப் போக வீடெல்லாம் சின்னதாகிட்டே போகும். நிஜத் தெரு மாதிரியே இருக்கும். ஆனா அந்த ஓவியம் சரியாத் தெரியிறது ஒரே ஒரு நாற்காலியில இருந்துதான். பிரபுவோட நாற்காலி. பக்கத்துல ஒதுங்கி உக்காந்தவங்களுக்கு எல்லாம் வீடு கோணலாத் தெரியும்." அப்படியானால் அமலி உட்கார்ந்திருக்கிற நாற்காலியில் இருந்து அந்த மடத்துத் தெரு நேராகத்தான் தெரிகிறதோ? கோணல் அவள் தெருவில் இல்லையோ, இவர் உட்கார்ந்த இடத்திலோ? சரி, கோணலாகத்தான் தெரிகிறது, தெரிகிறதைச் சொல்லக்கூடாதா? எனக்கு இங்கே இருந்து பார்த்தால் வீடெல்லாம் சாய்ந்து கிடக்கிறது அமலி, என் மேல் விழுகிற மாதிரி இருக்கிறது என்று? அவர் பாட்டுக்கு இதை நினைத்துக்கொண்டே, வாய் பாட்டுக்கு, "இந்தக் காலத்துல கொஞ்சம் கொஞ்சமா அந்த நல்ல சம்மனசும் கெட்ட சம்மனசும் மேடைய விட்டுப் போயிட்டாங்க" என்றபோதுதான் பெண்கள் பக்கத்தில் ஒரு கை எழுந்தது. பேச்சித்தாய். வகுப்பில் கேள்வியே கேட்காத பிள்ளை. எழுந்து நின்று துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள்.

"சார், ஒரு டவுட்டு. நல்ல நம்ம மனசு, கெட்ட நம்ம மனசுன்னு சொல்லுதீங்க. அது ரெண்டும் மேடையில இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிக்கும்னு சொன்னீங்க. மனசு எப்படி சார் வெளிய வந்து நிக்கும்? அது உள்ளயில்லா இருக்கு?"

இன்னாசிமுத்துவுக்கு முதலில் விளங்கவில்லை. "என்ன மனசு?" என்றார்.

"நீங்கதான சார் சொன்னீங்க. நல்ல நம்ம மனசுன்னு."

"சம்மனசும்மா. சம்-மனசு. ஏஞ்சல். நாங்க வீட்ல அப்படிச் சொல்லுவோம்."

வகுப்பே தூக்கம் கலைந்து சிரித்தது. "அய்யய்யோ, நானும் நம்ம மனசுன்னுதான் சார் எழுதிருக்கேன்" என்றது பக்கத்துப் பெண். "ஃபேன் சத்தத்துல அப்படித்தான் சார் விழுந்துச்சு." பின்னால் இருந்து இசக்கிப்பாண்டி, "அப்பம் அழிச்சிரவா சார்?" என்றான். பேச்சித்தாய் முகம் சிவந்து, தப்புப் பண்ணியவளாகத் தலையைக் குனிந்துகொண்டாள். "அழிக்காண்டாம்" என்றார் இன்னாசிமுத்து. அவர் குரல் அவருக்கே வேறு மாதிரிக் கேட்டது. "அழிக்காதீங்க. நீ உக்காரும்மா. நீ கேட்டது தப்பா இருக்கலாம், ஆனா நான் அடுத்து நடத்த வேண்டியது அதுதான். ரெண்டு பேரும் மேடைய விட்டு எங்க போனாங்கன்னு நெனைக்கீங்க? அந்த மனுஷனுக்கு உள்ள போயிட்டாங்க. அதுவரைக்கும் சம்மனசு. அதுக்குப் பொறவு நம்ம மனசு. இப்போ அவன் மட்டும் தனியா மேடைக்கு முன்னால வந்து நின்னு, தனக்குத்தானே பேசுதான். இதச் செய்யவா, அத விடவா. அதுக்குப் பேரு தனிமொழி." சொல்லிவிட்டு நின்றார். எல்லாரும் குனிந்து எழுதினார்கள். தலைகளின் மேல் அவர் பார்வை அலைந்தது.

தனிமொழியில் ஒரு விசேஷம் உண்டு. வருஷா வருஷம் சொல்வார், பரீட்சையில் இரண்டு மதிப்பெண் கேள்வி. அதைப் பார்வையாளர்கள் கேட்பார்கள், மேடையில் இருக்கிற மற்றவர்களுக்குக் கேட்காது. கேட்காத பாவனை. எத்தனை சத்தமாகப் பேசினாலும் பக்கத்து அறையில் இருக்கிறவளுக்குக் கேட்காது. அப்படித்தானே இத்தனை நாளும் நடந்தது? பேப்பருக்குப் பின்னால் இவர் பேசிய பேச்சு கொஞ்சமா? குளிக்கும்போது பேசினார், பைக் ஓட்டும்போது பேசினார், பூசையில் மற்றவர்கள் ஜெபிக்கும்போது பேசினார், போகாதே அமலி, போகாதே அமலி என்று. யாருக்குக் கேட்டது? கேட்கிறதற்கு இவர் வீட்டில் டிக்கெட் எடுத்து உட்கார்ந்திருக்கிறார்களா? எது நல்லது எது கெட்டது என்று கண்டுபிடித்த பிறகு பேசலாம் என்று இருந்தார். அதற்குள் வண்டி போய்விடும். ரெண்டும் நம்ம மனசுதான் என்று அந்தப் பிள்ளை சொல்லிவிட்டது. அப்புறம் என்ன பாகுபாடு? பயமாக இருந்தது. ஒத்திகை பார்க்காத வேஷத்துக்கு உள்ளே தள்ளிவிட்ட மாதிரி. ஆனாலும் கை மேசையில் இருந்த போனை எடுத்துவிட்டது. "ஒரு நிமிஷம். சத்தம் போடாம இருங்க" என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்தார். வாதாம் மரத்தடியில் யாருடைய பைக்கோ வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அமலியின் எண்ணை அழுத்தினார், மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாளோ என்று ஒரு நிம்மதிகூட வரப்பார்த்தது, பாவி மனுஷனுக்கு. எடுத்துவிட்டாள்.

"என்னப்பா? கிளாஸ் இல்லியா?"

"இருக்கு."

"பொறவு?"

"நீ போவாண்டாம் அமலி."

அந்தப் பக்கம் தூரத்தில் பிரகாசி யாரிடமோ அட்டைப்பெட்டிக்குக் கயிறு கேட்டுக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது.

"ஏம்ப்பா?" என்றாள். குரல் சின்னதாகிவிட்டிருந்தது.

"காரணம்லாம் எனக்குச் சொல்லத் தெரியல. நீ போறது சரியாத்தான் இருக்கும். எனக்குப் பிடிக்கல. நீ இல்லாத வீட்ல எனக்கு இருக்கத் தெரியாது. அவ்வளவுதான். உன் இஷ்டம்னு சொன்னது பொய்." வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டார். வகுப்பு ஜன்னலில் இரண்டு மூன்று தலைகள் தெரிந்தன. தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும்.

அமலி அழுதாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சின்னப் பிள்ளையாக அழுதாள். "இதச் சொல்ல இத்தனை நாளாப்பா? அம்மா அழுதா. சித்தி வந்து சண்டை போட்டா. நீங்க இஷ்டம்னுட்டு பேப்பர எடுத்துக்கிட்டீங்க. அப்பாவுக்கு நான் இருந்தா என்ன, போனா என்னன்னு நெனச்சிட்டேன். வேண்டாம்னு சொல்ல ஆளில்லாத வீட்லருந்து எப்படிப்பா போறது? அது போறதில்லப்பா. அனுப்பி விடுறதுல்லா?"

"அப்பம் போகலதான?" அவருக்குள் ஒரு முட்டாள் சந்தோஷம் துள்ளி எழுந்தது. அது எழுந்த வேகத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொள்கிற சத்தம் கேட்டது. "இப்பம்தான்ப்பா போறேன்" என்றாள், மெதுவாக. "இவ்வளவு நாளும் காலே எழும்பல எனக்கு. ராத்திரி ராத்திரியா பெட்டியப் பிரிச்சிப் பிரிச்சிக் கட்டுனேன். இப்பம் போயிருவேன்."

வெயில் கண்ணைக் குத்தியது.

"அப்பா, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"டேசனுக்கு வாங்கப்பா. வேலை இருக்குன்னு சொல்லிராதீங்க. வண்டி கெளம்புத வரைக்கும் ஜன்னல்கிட்ட நின்னு, போவாண்டாம் போவாண்டாம்னு சொல்லிக்கிட்டே இருங்க. சத்தமாச் சொல்லுங்க."

"வாறேன்" என்றார் இன்னாசிமுத்து. வகுப்புக்குள் போய்ப் பையை எடுத்துக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அப்படியே படியிறங்கி நடந்தார்.